சோள நாரிலிருந்து எரிபொருளும் கால்நடைத் தீனும்

2022 ஆம் ஆண்டிலே எரிபொருள் நிலையங்களின் முன்பு கான்களோடும் போத்தல்களோடும் நாட்கணக்காகக் காத்து நின்றவர்களுட் கமக்காரர் பலர். நீரிறைக்கும் இயந்திரத்துக்கு மண்ணெண்ணெயும் உழவு இயந்திரத்துக்கு டீசலும் கிடையாமையாற் பல இடங்களிலே மிளகாயும் வெங்காயமும் தோட்டத்திலேயே வாடின. வயலிலே குவிந்து கிடக்கும் வைக்கோலிலிருந்தும் ஆலையிலே மலைபோற் குவியும் உமியிலிருந்தும் எரிபொருள் எடுக்க இயலாதா என்னும் கேள்வி அக்காலத்தில் எழுந்தது இயல்பே.

இயலும் என்பதே விடை. ஆனால் இயல்வது வேறு, கட்டுபடியாவது வேறு. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள தூரத்தை அறிவதற்கு ஐக்கிய அமெரிக்காவிலே சோளத்தைக் கொண்டு நடைபெற்ற வேலை நல்ல உதாரணமாகும். அங்கே, வயலில் எஞ்சும் சோளத்தட்டையை நம்பிக் கட்டப்பட்ட பெரிய ஆலைகள் சில ஆண்டுகளுக்குள் மூடப்பட்டன. மணியின் தோலிலுள்ள நாரைப் பயன்படுத்தும் முறையோ ஆலைக்கு ஆலை பரவியது. இரண்டும் ஒரே பயிரின் பகுதிகள். இரண்டிலும் உள்ள பொருளும் பெரும்பாலும் ஒன்றே. ஒன்று தோற்று மற்றது நிலைத்ததன் காரணத்தை அறிந்துகொண்டால், நாளை ஒருவர் வந்து வைக்கோலுக்கு விலை பேசும்போது அவரிடம் கேட்கவேண்டியவை எவை என்பது தெளிவாகும்.

இவ்வெளியீட்டிற் சோளம் என்பது முத்து முத்தாக மணி பிடிக்கும் கதிர்ச்சோளத்தையே குறிக்கும், இறுங்கைக் குறிக்காது.

மணியும் அதன் தோலும்

காய்ந்த சோளமணி ஒன்றை இரவு முழுவதும் நீரில் ஊறவைத்துக் காலையில் நகத்தாற் கீறினால், கண்ணாடித்தாள் போன்ற தோல் உரிந்து வரும். அதன் கீழே மாவும், அடிப்பக்கத்தில் எண்ணெய்ப் பசையுள்ள முளையும் காணப்படும். மணியின் நிறையிலே மாவுள்ள பகுதி நூற்றுக்கு 82 பங்களவும், முளை 11 அல்லது 12 பங்களவும் ஆகும். தோல் 5 பங்களவேயாம். எனினும் நார் தோலில் மட்டும் இருப்பதன்று. மாவின் கலங்களைச் சுற்றியும் முளையிலும் சிறிது உண்டு. எல்லாவற்றையும் சேர்த்தால், ஈரம் நீங்கிய மணியில் நூற்றுக்கு 8 முதல் 10 பங்கு வரை நார் எனலாம். மாப்பொருள் 70 பங்குக்கு மேலும், புரதம் 9 பங்களவும், எண்ணெய் 4 பங்களவும் இருக்கும்.

இம்மாப்பொருளே நெடுங்காலமாக அமெரிக்காவில் எரிபொருளாக்கப்பட்டு வருகின்றது. 1973 இலும் 1979 இலும் பெற்றோல் விலை திடீரென ஏறியபின் அந்நாட்டு அரசாங்கம் வரிச்சலுகை கொடுத்து இத்தொழிலை வளர்த்தது. இன்று அங்கு ஆண்டுதோறும் ஏறக்குறைய 1,500 கோடி கலன் எதனோல், அஃதாவது மதுசாரம், உற்பத்தியாகிப் பெற்றோலிற் கலக்கப்படுகின்றது. அந்நாட்டுச் சோள விளைவில் மூன்றிலொரு பங்குக்கு மேல் இதற்கே செல்கின்றது. உண்ணும் தானியத்தை எரிப்பது முறையா என்று அங்கேயும் வாதம் நடந்தது, இன்னும் ஓயவில்லை. நாரைப் பற்றிய ஆராய்ச்சிக்கு இவ்வாதமும் ஒரு தூண்டுகோலாயிற்று. நாரிலிருந்து எரிபொருள் எடுத்தால் மேலும் ஓர் ஏக்கரும் விதைக்கவேண்டியதில்லை. மனிதன் வாயிலிருந்து ஒரு பிடி மாவும் குறைவதில்லை.

கள்ளும் மதுசாரமும்

பனையிலும் தென்னையிலும் பாளை சீவி எடுக்கும் இனிப்பு நீர், முட்டியிலே சுண்ணாம்பு பூசாவிடிற் சில மணி நேரத்திற் கள்ளாகிவிடுவதை யாவரும் அறிவர். மதுவம் என்னும் நுண்ணங்கி அந்நீரிலுள்ள வெல்லத்தை உண்டு, மதுசாரத்தையும் காபனீரொட்சைட்டு வாயுவையும் வெளிவிடுகின்றது. கள் நுரைத்துப் பொங்குவது அவ்வாயுவினாலேயே. குளுக்கோசு என்னும் வெல்லம் 100 கிராம் முற்றாக நொதித்தால் மதுசாரம் 51 கிராமும் வாயு 49 கிராமும் கிடைக்கும். எவ்வளவு பெரிய ஆலையாயினும் இக்கணக்கை மீற முடியாது.

சோளத்தின் மாப்பொருள் வெல்லமன்று. குளுக்கோசு மூலக்கூறுகள் பல கோக்கப்பட்ட சங்கிலியாகும். மதுவம் சங்கிலியை உண்ணாது. தனித்தனிக் கண்ணிகளாக வெட்டிக் கொடுத்தல் வேண்டும். அவ்வாறு வெட்டும் பொருள்களுக்கு நொதியங்கள் என்று பெயர். சோற்றை விழுங்காது நெடுநேரம் மென்றால் வாய் இனிப்பதற்குக் காரணம், உமிழ்நீரிலுள்ள நொதியம் மாப்பொருளை வெட்டுவதேயாம்.

வைக்கோலை எவ்வளவு மென்றாலும் இனிக்காது. ஆயினும் வைக்கோலின் முதன்மையான பொருளாகிய செலுலோசும் அதே குளுக்கோசு கோத்த சங்கிலியே. கண்ணிகள் இணைந்திருக்கும் முறை மட்டும் வேறு. அச்சிறு வேறுபாட்டினாற் சங்கிலிகள் நேராக நீண்டு, ஒன்றோடொன்று நெருங்கி, கயிறு முறுக்கியதுபோல் இறுகிக்கொள்கின்றன. எமது உமிழ்நீரிலுள்ள நொதியம் அதனுள் நுழைய முடியாது.

இவ்விறுகிய கயிறுகளைச் சுற்றி எமிசெலுலோசு என்னும் மற்றொரு பொருள் உண்டு. இது சைலோசு, அரபினோசு என்னும் வேறு வெல்லங்களால் ஆனது. சோளமணியின் தோலிலே செலுலோசிலும் இதுவே அதிகம். இவற்றோடு, மரத்துக்கு உறுதி கொடுக்கும் இலிக்கினின் என்னும் பொருளும் தாவரங்களில் இருக்கும். தட்டையிலும் வைக்கோலிலும் இது அதிகம். சோளமணியின் தோலிலோ மிகக் குறைவு. நெல் வைக்கோலில் இன்னும் ஓர் இடையூறாக மணற்சத்தாகிய சிலிக்காவும் ஏராளம். வைக்கோலை எரித்தால் எஞ்சும் சாம்பல் மிகுதியாயிருப்பதும், வைக்கோல் வெட்டும் கத்தி விரைவில் மழுங்குவதும் இதனாலேயே. ஆகவே நார்கள் யாவும் ஒன்றல்ல. திறப்பதற்கு மிக எளிய பூட்டுச் சோளமணியின் தோலிலேயே இருக்கின்றது.

திறவுகோல்கள் கிடைத்த வரலாறு

செலுலோசை வெட்டும் நொதியம் எதிர்பாராத இடத்திலே கிடைத்தது. இரண்டாம் உலகப் போரின்போது தென் பசிபிக்கில், சொலமன் தீவுக்கூட்டத்தில் நிலைகொண்டிருந்த அமெரிக்கப் படையினரின் பருத்திக் கூடாரங்களும் துணிகளும் வியப்பூட்டும் வேகத்தில் உக்கிப்போயின. காரணத்தை ஆராய்ந்தவர்கள் அத்துணியிலிருந்து ஒரு பங்கசைப் பிரித்தெடுத்தனர். மசச்சூசெற்சு மாநிலத்திலுள்ள நேற்றிக் என்னும் ஊரின் படைத்துறை ஆராய்ச்சிக்கூடத்திலே எல்வின் றீசு என்பவரும் அவருடன் வேலைசெய்தோரும் அதனைப் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். முதலில் துணியைக் காப்பதே நோக்கம். பின்னரோ அதே பங்கசைக்கொண்டு நாரை வெல்லமாக்கும் வழி தேடப்பட்டது. 1977 இல் அதற்கு அவருடைய பெயராலேயே திரைக்கோடேமா றீசி என்று பெயரிடப்பட்டது. இன்று உலகெங்கும் விற்கப்படும் செலுலோசு நொதியங்களிற் பெரும்பகுதி இப்பங்கசின் வழிவந்தவற்றிலிருந்தே கிடைக்கின்றது. நாற்றழுகல் முதலிய மண்வழி நோய்களை அடக்க நாற்றுமேடையில் இடப்படும் திரைக்கோடேமா இதன் நெருங்கிய உறவினமேயாம்.

அடுத்த இடையூறு சைலோசு. சாதாரண மதுவம் குளுக்கோசை விரும்பி உண்ணும், சைலோசைத் தொடாது. தோலின் வெல்லத்தில் மிகுதியான பங்கு இதனால் வீணாயிற்று. புளோரிடாப் பல்கலைக்கழகத்திலே லொன்னி இங்கிறம் என்பவர் வேறொரு பற்றீரியத்தின் பரம்பரையலகுகளைக் குடற்பற்றீரியம் ஒன்றிற் சேர்த்து, அது எவ்வகை வெல்லத்தையும் மதுசாரமாக்குமாறு செய்தார். அதற்கு 1991 மார்ச்சு மாதத்தில் வழங்கப்பட்ட ஆக்கவுரிமைப் பத்திரம் அந்நாட்டின் 5,000,000 ஆவது பத்திரமாகும். இந்தியானா மாநிலத்தின் பேடியூப் பல்கலைக்கழகத்திலே நான்சி ஹோ என்னும் பெண் விஞ்ஞானி, குளுக்கோசையும் சைலோசையும் ஒருங்கே நொதிக்கச் செய்யும் மதுவத்தை 1993 இல் உருவாக்கினார். இவை ஆராய்ச்சிக்கூடத்தில் நன்றாக வேலை செய்தன. ஆலையிலே பாரிய தொட்டிகளிற் பயன்படுத்துவதற்கோ மேலும் பல ஆண்டுகள் சென்றன. இன்றும் பல ஆலைகள் செலுலோசை மட்டும் எடுத்துக்கொண்டு சைலோசைத் தீனிலே விட்டுவிடுகின்றன.

ஆலையில் நடப்பது

அமெரிக்க ஆலைகளிற் பெரும்பாலானவை மணியை உலர்ந்தபடியே அரைப்பவை. அரைத்த மாவோடு நீர் சேர்த்து, 85 பாகை செல்சியசுக்கு மேற் சூடாக்கி, முதல் நொதியத்தைச் சேர்ப்பர், கூழ் நீர்த்துவிடும். பின் 32 பாகையளவுக்கு ஆறவிட்டு, மற்றொரு நொதியமும் மதுவமும் சேர்த்து இரண்டு மூன்று நாள் நொதிக்கவிடுவர். நொதித்ததைக் காய்ச்சி வடித்தால் நூற்றுக்கு 95 பங்கு மதுசாரம் கிடைக்கும். எஞ்சிய நீரைக் காய்ச்சி நீக்க முடியாது. ஆதலால் ஈரத்தை மட்டும் உறிஞ்சும் நுண்துளை மணிகளினூடாக ஆவியைச் செலுத்தி உலர்த்துவர். இவ்வாறு முற்றாக உலர்ந்த மதுசாரமே பெற்றோலோடு பிரியாமற் கலக்கும். வீட்டிலே காய்ச்சி வடித்து இயந்திரத்தில் ஊற்றலாம் என்று எவரும் எண்ணுதல் வேண்டா. அதற்கு மதுவரிச் சட்டம் இடந்தராது என்பதோடு, அவ்வாறு வடித்ததில் நீர் மிகுதியாயிருத்தலால் இயந்திரமும் கெடும்.

அமெரிக்காவிலும் சோளத்தைப் புசலிலேயே அளக்கின்றனர். ஆனால் அங்கே ஒரு புசல் சோளம் 56 இறாத்தல், அஃதாவது 25.4 கிலோகிராம், எமது நெற்புசலிலும் நிறை கூடியது. ஒரு புசலிலிருந்து ஏறக்குறைய 11 லீற்றர் மதுசாரமும், 7 கிலோகிராமளவு உலர்ந்த தீனும் கிடைக்கின்றன. மாப்பொருள் போனபின் எஞ்சும் புரதமும் எண்ணெயும் நாருமே அத்தீன்.

இங்கேதான் நாரின் சிறப்புத் தெரிகின்றது. மணியோடு சேர்ந்து நார் தானாகவே ஆலைக்குள் வந்துவிட்டது. அதைத் தேடி எவரும் வயலுக்குப் போகவில்லை. கட்டவில்லை, ஏற்றவில்லை, களஞ்சியப்படுத்தவில்லை. அரைபட்டும் வெந்தும் பாதி திறந்த நிலையிலே அது தொட்டியிற் கிடக்கின்றது. தொட்டி, வடிகலன், வேலையாட்கள் ஆகிய யாவும் முன்னரே உள்ளவை.

அயோவா மாநிலத்திலே கால்வா என்னும் சிற்றூரில், சோளம் செய்கைபண்ணுவோர் பங்கு போட்டு நடத்தும் ஆலையொன்று 2014 யூலையில் இந்நாரிலிருந்து மதுசாரம் எடுக்கத் தொடங்கியது. மாப்பொருள் நொதித்தபின் எஞ்சும் கூழை மறுபடி பதப்படுத்தி, செலுலோசு நொதியம் சேர்த்து, இரண்டாம் முறை நொதிக்கவிடுவதே அங்கு கையாளப்பட்ட முறை. ஆண்டுக்கு 3 கோடியே 50 இலட்சம் கலன் எடுக்கும் அவ்வாலையில் நாரிலிருந்து மேலும் 20 இலட்சம் கலன் எடுப்பது திட்டம்; நூற்றுக்கு 6 பங்களவு மேலதிகம். மற்ற ஆலைகள் இதிலும் எளிய வழியைக் கைக்கொண்டன. முதல் தொட்டியிலேயே மாப்பொருள் நொதியத்தோடு செலுலோசு நொதியத்தையும் சேர்த்துவிடுவதே அவ்வழி. விளைவு குறைவு; செலவோ அதனிலும் குறைவு.

நாரைத் தனியே பிரித்துப் பதப்படுத்தும் முறைகளும் உண்டு. அழுத்தத்தின் கீழ் நீரை 160 பாகையளவுக்குச் சூடாக்கி அதில் நாரைச் சிறிது நேரம் வேகவைப்பது ஒன்று. ஐதான அமிலத்தில் வேகவைப்பது மற்றொன்று. நெல்லை அவிப்பதில் உள்ளதுபோல இங்கும் பதம் ஒன்றுண்டு. குறைந்தாற் பூட்டுத் திறவாது. மிகுந்தால் வெல்லம் கருகி, மதுவத்தைக் கொல்லும் நஞ்சுகள் உண்டாகும்.

இம்முயற்சிகள் எரிபொருளின் விலையை மட்டும் நம்பி நடைபெறவில்லை என்பதையும் கூறுதல் வேண்டும். பெற்றோல் சுத்திகரிப்போரும் இறக்குமதி செய்வோரும் நாரிலிருந்து எடுத்த எரிபொருளில் ஒரு பங்கைச் சேர்த்தாக வேண்டும் என்னும் சட்டம் அந்நாட்டில் 2007 இல் இயற்றப்பட்டது. சோளமணியின் நாரும் பயிர்க்கழிவாகக் கொள்ளப்படும் என்று 2014 இல் அரசாங்கம் தெளிவாக்கிற்று. அதனால் இம்மதுசாரத்துக்குச் சாதாரண மதுசாரத்திலும் உயர்ந்த பெறுமதி கிடைத்தது. சட்டம் கொடுத்த விலை சட்டத்தோடு போய்விடக்கூடியது. கணக்குப் பார்ப்பவர் இதனையும் சேர்த்துப் பார்த்தல் நன்று.

பக்கப் பொருள்கள்

மதுசாரத்தைப் பற்றியே பலரும் பேசுகின்றனர். ஆலையைத் தாங்கி நிற்பதோ பெரும்பாலும் பக்கப் பொருள்களாகும்.

அவற்றுள் முதன்மையானது தீன். மாப்பொருள் நீங்கியதால் எஞ்சியதிற் புரதம் செறிந்து, நூற்றுக்கு 27 முதல் 30 பங்கு வரை உயர்கின்றது. ஆயினும் நாரும் அவ்வாறே செறிவதால், இத்தீன் மாடுகளுக்கே மிகவும் ஏற்றது. கோழியும் பன்றியும் நாரைச் சீரணிக்கமாட்டா. அவற்றுக்கு ஓரளவுக்கு மேற் கொடுத்தல் இயலாது. நாரின் ஒரு பகுதியை மதுசாரமாக்கிவிட்டால், எஞ்சிய தீனிற் புரதம் இன்னும் உயர்ந்து நார் குறைகின்றது; கோழிக்கும் கூடுதலாகக் கொடுக்கத்தக்கதாகின்றது. அதாவது நாரை எடுத்தவருக்கு இருமுறை பயன்: எடுத்த நார் எரிபொருளாயிற்று, எடுத்ததனால் எஞ்சியது தரமுயர்ந்தது. நாரிலே சிக்குண்டிருந்த எண்ணெயும் அப்போது எளிதிற் பிரிகின்றது. அதனைச் சுழற்றிப் பிரித்தெடுத்துக் கோழித்தீனுக்கும் டீசலுக்குப் பதிலான எண்ணெய்க்கும் விற்கின்றனர். நொதிக்கும்போது எழும் வாயுவையும் பல ஆலைகள் வீணாக்குவதில்லை. அது சோடா முதலிய பானங்களுக்குச் செல்கின்றது.

மணியை நீரில் ஊறவைத்து அரைக்கும் ஆலைகள் வேறு வகையின. கந்தகவீரொட்சைட்டுக் கலந்த வெந்நீரில் ஒன்றரை நாளளவு ஊறவைத்து, முளை, நார், புரதம், மாப்பொருள் என்று தனித்தனியே பிரிப்பர். அங்கே நாரும் ஊறல் நீரும் சேர்ந்து மாட்டுத்தீனாகின்றன. அவ்வூறல் நீர் ஒருகாலத்திற் பெருந்தொல்லையாயிருந்த கழிவு. 1941 இல் பெனிசிலின் மருந்தைப் பெருமளவில் உண்டாக்கும் வழி தேடி ஒக்ஸ்போட்டிலிருந்து விஞ்ஞானிகள் அமெரிக்கா சென்றபோது, இலினோய் மாநிலத்தின் பியோறியா நகரிலுள்ள அரசாங்க விவசாய ஆராய்ச்சிக்கூடத்திலே பெனிசிலின் பங்கசுக்கு இந்நீர் ஊட்டப்பட்டது. விளைவு பன்மடங்கு கூடிற்று. சோள நாரை மதுசாரமாக்கும் ஆராய்ச்சியிற் பெரும்பகுதியும் பின்னாளில் அதே ஆராய்ச்சிக்கூடத்தில் நடைபெற்றது.

நாரிலிருந்து எடுக்கத்தக்க மற்றப் பொருள்களின் பட்டியல் நீளமானது: பானங்களிற் சேர்க்கத்தக்க வெண்ணிறப் பசை, இரத்தத்திற் கொழுப்பைக் குறைக்கும் பொருள்கள் அடங்கிய எண்ணெய், சைலோசிலிருந்து கிடைக்கும் இனிப்புப் பொருள் முதலியன. பென்சில்வேனியா மாநிலத்திலுள்ள அரசாங்க ஆராய்ச்சிக்கூடத்தில் இவற்றுட் சில செவ்வையாக ஆராயப்பட்டுள்ளன. ஆனால் ஆராய்ச்சியிற் கிடைத்த பொருள் எல்லாம் சந்தையில் விலைபோவதில்லை. இதுவரை ஆலைக்கு உறுதியாகப் பணம் கொண்டுவந்தவை தீனும் எண்ணெயுமேயாம்.

தீனைப்பற்றி எச்சரிக்கை ஒன்று உண்டு. சோளம் செய்கைபண்ணும் ஒவ்வொருவருக்கும் உரியது. ஈரத்தோடு சேமித்த சோளத்திற் பச்சை கலந்த மஞ்சள் நிறப் பூஞ்சணம் பிடித்தால் அஃபிளாற்றொக்சின் என்னும் நஞ்சு உண்டாகும். காய்ச்சினாலும் நொதிக்கவிட்டாலும் அது அழியாது, மதுசாரத்தோடு போவதுமில்லை. மூன்று பங்கு மணி ஒரு பங்கு தீனாகச் சுருங்கும்போது, நஞ்சும் தீனில் மும்மடங்கு செறிகின்றது. மாட்டுக்குக் கொடுத்தால் அதன் ஒரு பகுதி பாலிலும் வரும். ஆகவே நல்ல ஆலை ஒவ்வொரு வண்டிச் சோளத்தையும் சோதித்தே ஏற்றுக்கொள்ளும். இங்கும், முற்றிய கதிரை மழையில் நனையவிடாது முறித்து, படங்கு விரித்து நன்றாகக் காயவைத்து, ஈரம் நூற்றுக்கு 13 பங்குக்குக் கீழ் வந்தபின்னரே மூடையிலிடல் வேண்டும். பூஞ்சணம் பிடித்த மணியை "கோழிக்காவது ஆகும்" என்று ஒதுக்கி வைப்பது பலரிடமுள்ள பழக்கம். கோழிக்குஞ்சுகளும் தாராக்களுமே இந்நஞ்சினால் முதலில் மடிகின்றன.

மூடப்பட்ட ஆலைகள்

இனித் தட்டையின் கதை. 2014 செத்தெம்பரில் அயோவாவின் எம்மெற்சுபேக்கு என்னும் ஊரிலும், அடுத்த மாதம் கன்சாசு மாநிலத்தின் ஹியூகோற்றனிலும், 2015 இல் அயோவாவின் நெவாடா என்னும் ஊரிலும் மூன்று பேராலைகள் திறக்கப்பட்டன. கதிர் அறுத்தபின் வயலில் எஞ்சும் தட்டையையும் இலையையும் பொத்தியையும் மதுசாரமாக்குவதே அவற்றின் நோக்கம். நெவாடா ஆலை மட்டும் 30 மைல் தூரத்துக்குள் ஏறக்குறைய 500 கமக்காரரிடமிருந்து ஆண்டுக்கு 375,000 தொன் தட்டை வாங்கி, 3 கோடி கலன் மதுசாரம் எடுக்கத் திட்டமிட்டது.

கன்சாசு ஆலை 2015 இறுதியில் நின்றது. அடுத்த ஆண்டு அதன் உரிமையாளர் கடனை இறுக்க முடியாது நீதிமன்றத்தை நாடினர். நெவாடா ஆலை 2017 இல் மூடப்பட்டுப் பின் கைமாறியது. வாங்கியவர்கள் மதுசாரத்தைக் கைவிட்டுத் தட்டையிலிருந்து எரிவாயு எடுக்கும் ஆலையாக அதனை மாற்றினர். எம்மெற்சுபேக்கு ஆலை 2019 இல் மதுசார உற்பத்தியை நிறுத்திக்கொண்டது.

நொதியமோ மதுவமோ இவற்றைத் தோற்கடித்தது என்று சொல்வதற்கில்லை. அவை ஓரளவு வேலை செய்தன. தட்டை பாரமற்றது, இடத்தை அடைப்பது. ஒரு வண்டி நிறைய ஏற்றினாலும் நிறை சொற்பம். அறுவடைக்குப் பின் சில கிழமைகளுக்குள் ஓராண்டுக்குரியதைச் சேர்த்துக் கட்டி அடுக்கல் வேண்டும். மழை பட்டால் உக்கும். மின்னல் விழுந்தால் மலைபோன்ற அடுக்கு முழுவதும் எரியும். கட்டுகளோடு வந்த மண்ணும் மணலும் கத்திகளையும் குழாய்களையும் தேய்த்தன. ஒவ்வோர் ஊரிலிருந்தும் வருவது ஒவ்வொரு பதத்தில் இருந்தமையால் இயந்திரம் அடிக்கடி அடைத்தது. அதோடு 2014 இறுதியிலிருந்து உலகிற் பெற்றோல் விலையும் சரிந்தது. மணியின் நார் இவற்றுள் எதனையும் காணாமலே ஆலைக்குள் வந்தது.

எமது வைக்கோலும் உமியும்

இலங்கையிலே பெல்வத்தையிலும் செவனகலையிலும் மதுசாரம் எடுக்கப்படுவது கரும்பின் கழிவுப் பாகிலிருந்தேயாம். அது ஏற்கெனவே வெல்லம். பூட்டுத் திறக்கும் வேலை அங்கில்லை. கழிவும் ஆலைக்குள்ளேயே உண்டாகின்றது. எமது உமியும் இவ்வகையிற் சோள நாரை ஒத்தது. நெல்லோடு ஆலைக்கு வந்து, நெல் அவிக்கும் அடுப்பிலேயே எரிகின்றது. அதனை மதுசாரமாக்க முயல்வதிலும் நேரே எரிப்பதே இன்றைய நிலையில் அறிவுடைமை.

வைக்கோலோ வயலிற் கிடப்பது. தட்டையின் நிலையே அதன் நிலை. அதனை எவரேனும் எரிபொருளுக்கென விலைக்குக் கேட்டால், கட்டுவதும் ஏற்றுவதும் யார் பொறுப்பு, மழையில் நனைந்ததை ஏற்பாரா, ஆலை நின்றால் மீதிப் பணத்தை யார் தருவார் என்பவற்றை எழுத்திற் கேட்டல் வேண்டும். வயல் இழப்பதையும் கணக்கிலே சேர்த்தல் வேண்டும். நெற்பயிர் எடுக்கும் பொற்றாசியத்தில் நூற்றுக்கு 80 பங்குக்கு மேல் வைக்கோலிலேயே தங்குகின்றது. ஒரு தொன் வைக்கோலோடு பொற்றாசு 14 முதல் 20 கிலோகிராம் வரை வயலைவிட்டுப் போகின்றது. கடையில் வாங்கும் மியூறியேற்றுப் பொற்றாசிற் கணக்கிட்டால் அரை மூடையளவு. 2021 இல் இரசாயனப் பசளை கிடையாத பெரும்போகத்திலே வைக்கோலை வயலிற் பரப்பி உழுதவருக்கும் முன்னரே எரித்துவிட்டவருக்கும் இவ்வேறுபாடு தெரிந்திருக்கும்.

மாடு வளர்ப்பவருக்கு வைக்கோலின் பூட்டைத் திறக்க ஆலை வேண்டியதில்லை. மாட்டின் முதல் இரைப்பையே ஒரு நொதித்தற் சாலை. அதிலுள்ள நுண்ணங்கிகள் செலுலோசு நொதியத்தைத் தாமே சுரக்கின்றன. வைக்கோலின் இறுக்கத்தைச் சற்றுத் தளர்த்திக் கொடுத்தாற் போதும். அதற்கு 100 கிலோகிராம் உலர்ந்த வைக்கோலுக்கு 4 கிலோகிராம் யூரியாவை எடுத்து 100 லீற்றர் நீரில் முற்றாகக் கரைத்தல் வேண்டும். நிலத்திற் பொலிதீன் விரித்து, வைக்கோலைப் படைபடையாகப் பரப்பி, ஒவ்வொரு படைக்கும் பூவாளியாற் கரைசலைத் தெளித்து மிதித்து, காற்றுப் புகாதபடி மூடிவிடல் வேண்டும். யூரியாவிலிருந்து எழும் அமோனியா வாயு நாரின் கட்டைத் தளர்த்துகின்றது. இரண்டு அல்லது மூன்று கிழமையில் வைக்கோல் மஞ்சள் கலந்த தவிட்டு நிறமாகி, மென்மையாகி, அமோனியா மணம் வீசும். வேண்டிய அளவை மட்டும் எடுத்து, மறுபடி இறுக மூடி, எடுத்ததைச் சில மணி நேரம் நிழலிற் பரப்பிக் காரமணம் போனபின் கொடுத்தல் வேண்டும். முதல் நாட்களிற் சாதாரண வைக்கோலோடு சிறிது சிறிதாகக் கலந்து பழக்குக. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுகளுக்குக் கொடுத்தலாகாது. கரைசல் மிகுந்தால் மாடுகள் எட்டாத இடத்தில் ஊற்றிவிடுக. யூரியா கரைந்த நீரைக் குடித்த மாடு பிழைப்பது அரிது.